போயாப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை நாள், பின்னேரம் எங்கள் வாசிகசாலையில் குறும் ஆவணப்படங்கள் போடுகிறோம். முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுப் பக்கம் வருகிற வழியில்தான் இடம். எல்லாம் இணையத்தில் கிடைக்கிற படங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது, ஒரு மாதம் கண்ணாடிப் போத்தல், அடுத்த மாதம் ஜப்பான் பள்ளிக்கூடம், அதற்கடுத்தது வேறு ஏதோ. படத்தை விடப் படம் முடிந்த பிறகு நடக்கிற கதைதான் நீளம். பாய் மடிக்கும்போது ஒருவர் கேட்பார், மறுநாள் சந்தையில் இன்னொருவர் மறிப்பார், இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும். கேள்வி மட்டும் மாறாது.

அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன, பதில் என்னுடையது. நான் வாசிகசாலையில் பத்திரிகை அடுக்குகிறவள், சினிமா படித்தவள் இல்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

டொக்குமென்ரி எண்டால் செய்திதானே பிள்ளை, அதுக்கு ஏன் பாய் போட்டு இருக்கவேணும்?

செய்தி அவசரத்தில் போகும். யானை வந்தது, வேலி உடைந்தது, ஒருவர் ஆஸ்பத்திரியில், அடுத்தது காலநிலை. ஆவணப்படக்காரர் அந்த வேலிக்காரரோடு ஒரு மாதம் நிற்பார், சிலர் ஐந்து வருடமும் நின்றிருக்கிறார்கள். அவர் கம்பியை எந்தக் கையால் முறுக்குகிறார், இரவில் காவல் கொட்டிலில் என்ன பாட்டு முணுமுணுக்கிறார் என்பதெல்லாம் அதில் வரும். அதற்குத்தான் பாய்.

ஆனால் இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். யுத்தம் முடிந்து, 2009 க்குப் பிறகு மீள்குடியேறி வந்த காலத்தில், இங்கே பலர் 'டொக்குமென்ரி' என்ற சொல்லை முதல் முதலாகக் கேட்டதே ஏதாவது ஒரு திட்டம் முடிகிற நாளில்தான். வெள்ளை வாகனம் வரும், தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் ஓர் அம்மாவை நிறுத்துவார்கள், அவர் நன்றி சொல்வார், பின்னால் புல்லாங்குழல். அதுவும் ஆவணப்படம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். நாங்கள் போடுவது வேறு வகை.

குறும்படம் எண்டால் எத்தினை நிமிசம்?

சட்டம் ஒன்றும் கிடையாது. ஒஸ்கார்காரர் கடைசியில் ஓடுகிற பெயர்களையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் இருந்தால் குறும் ஆவணப்படம் என்கிறார்கள். நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். ஒஸ்காருக்காக இல்லை, கடைசி பஸ்ஸுக்காக.

உந்தப் படங்கள் எங்கை கிடக்கு அக்கா, காசு கட்டோணுமோ?

பெரும்பாலும் யூரியூப்பில் சும்மா கிடக்கின்றன. நியூயோர்க்கர் இதழ், நியூயோர்க் ரைம்ஸின் 'ஒப்-டொக்ஸ்' பகுதி, கார்டியன் பத்திரிகை, மூன்றும் நல்ல நல்ல குறும் ஆவணப்படங்களை இலவசமாக வைத்திருக்கின்றன. கனடாவின் தேசியத் திரைப்படச் சபை தன் தளத்தில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறது, பழைய கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து. தேடும்போது படத்தின் பெயரோடு வெளியிட்டவரின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் கண்ட கண்ட திருட்டுப் பிரதிதான் முன்னுக்கு வரும்.

நெற்பிளிக்ஸ் சந்தா கட்டிப் பார்ப்பது. வீட்டில் பார்க்கலாம், ஊரைக் கூட்டி மண்டபத்தில் போடுவது வேறு விஷயம். தங்களின் சில ஆவணப்படங்களுக்கு மட்டும் கல்வித் திரையிடலுக்கென்று அனுமதி தந்திருக்கிறார்கள், டிக்கெட் விற்கக்கூடாது, நிதி சேர்க்கவும் கூடாது. 2020 ஏப்ரலில் உலகம் முழுக்கப் பள்ளிக்கூடங்கள் மூடியிருந்தபோது சில ஆவணப்படங்களை யூரியூப்பிலேயே சும்மா விட்டார்கள். கீழே வருகிற இரண்டு படங்கள் அப்படிக் கிடைத்தவை.

டேட்டா எவ்வளவு குடிக்கும்?

20 நிமிடப் படம் ஒன்று 480 தரத்தில் ஏறக்குறைய 150 எம்பி. போனில் பார்க்க அது போதும். 1080 இல் வைத்துவிட்டு ரீலோட் முடிந்தது என்று என்னோடு சண்டைக்கு வரவேண்டாம்.

எனக்கு இங்கிலீசும் தெரியாது, கீழை ஓடுற எழுத்தையும் பிடிக்க ஏலாது. வந்து என்னத்தைப் பாக்கிறது?

இந்தக் கேள்விக்காகவே முதல் நாள் 'கிளாஸ்' என்ற படத்தைப் போட்டேன். பேர்ட் ஹான்ஸ்ட்ரா என்ற நெதர்லாந்துக்காரர் 1958 இல் எடுத்தது, பத்துப் பதினொரு நிமிடம், 1960 இல் ஒஸ்கார் வாங்கியது. பேச்சு என்று சொல்ல ஒன்றும் இல்லை. லேர்டாம் என்ற ஊரில் கண்ணாடி ஊதுகிறவர்கள் கன்னம் உப்ப உப்பக் குழாயில் ஊதுகிறார்கள், பின்னால் ஜாஸ் இசை. பிறகு போத்தல் செய்கிற மெஷின் வருகிறது. கழுத்து உடைந்த போத்தல் ஒன்று நடுவில் சிக்கிக்கொள்ள, பின்னால் வருகிறதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து நொறுங்குகிறது, மெஷின் தன் பாட்டில் அடுத்ததை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

முன்வரிசைச் சின்னாக்கள் ஊதுகிறவர்களைப் பார்த்துத் தங்கள் கன்னத்தையும் உப்பிக்கொண்டிருந்தார்கள், அது தங்களுக்கே தெரியாது. அரிசி ஆலையில் இருபது வருடம் வேலை செய்த ஓர் அண்ணை மெஷின் சிக்கிய இடத்தில் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "சுவிச்சை நிப்பாட்டு!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். ஒரு சொல் இங்கிலீசு இல்லாமல் நடந்தது இது.

பேச்சு இருக்கிற படமென்றால் நான் முன்கூட்டியே பார்த்து எழுதி வைத்து, இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்வேன். யூரியூப்பே தமிழுக்கு மாற்றித் தருவதும் உண்டு, அதை நம்பிப் படம் போட்டால் சோகமான இடத்தில் சனம் சிரிக்கும்.

ஒண்டுமே நடக்கேல்லை. ஒரு மனுசன் கொட்டிலுக்கை தனிய இருக்கிறான். இதுக்கோ லைட்டை நூத்தனீங்கள்?

'ஹோல்அவுட்' படத்துக்கு வந்த கேள்வி. 2022 இல் வந்தது, 25 நிமிடம், ரஷ்யாவின் வடகிழக்கு மூலை சுகோத்காவில் ஓர் அக்காவும் தம்பியும் சேர்ந்து எடுத்தது. கடற்கரையில் ஒரு பழைய மரக்கொட்டில், அதற்குள் ஓர் ஆராய்ச்சியாளர். சாப்பிடுகிறார், சிகரட் பற்றுகிறார், கடலைப் பார்க்கிறார், காத்திருக்கிறார். எதற்கென்று படம் சொல்லாது. ஐந்தாவது நிமிடத்தில் ஓர் அம்மம்மா உலையைப் பார்க்க வேண்டும் என்று எழும்பிப் போனார். திரும்பி வாசலுக்கு வரவும், அந்த மனிதர் கொட்டில் கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது. வெளியே மண்ணே தெரியவில்லை. கடற்பசுவைவிடப் பெரிய, கொம்புபோலப் பல் நீண்ட மிருகங்கள், வால்ரஸ் என்பது அதன் பெயர், கொட்டிலைச் சுற்றி உடம்போடு உடம்பு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஏறக்குறைய ஒரு லட்சம்.

அம்மம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். முழுநேரமும் இருந்து அலுத்தவர்கள்தான் அதிகம் கத்தினார்கள், அந்த அலுப்பு இல்லாவிட்டால் கதவு திறந்ததில் ஒன்றும் இருந்திருக்காது என்பது என் எண்ணம். ஏன் கரைக்கு வந்தன என்றால், அவை இளைப்பாறுகிற கடல் பனிக்கட்டி உருகிப் போய்விட்டது. அதைச் சொன்னதும் பின்னாலிருந்து ஒரு மீன்பிடிக்கிற தம்பி, நந்திக்கடல் களப்பு வற்றுகிற காலத்தில் மீன் செத்து ஒதுங்குகிற கதையைச் சொல்லத் தொடங்கினார். படம் 25 நிமிடம், அந்தக் கதை ஒரு மணித்தியாலம் போனது.

யானைப்படத்துக்கு நாங்கள் சிரிச்சது பிழையோ? அவருக்கு அது பிள்ளை மாதிரியாம்.

'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' மண்டபத்தில் போட்டதில்லை, ஒரு வீட்டில் அவர்களின் நெற்பிளிக்ஸில் குடும்பமும் அயலுமாகப் பதினொரு பேர் பார்த்தோம். கார்த்திகி கொன்சால்வெஸ் எடுத்தது, 2023 இல் ஒஸ்கார் வாங்கியது. நீலகிரியில் முதுமலைக் காட்டுத் தெப்பக்காடு முகாமில் பொம்மனும் பெள்ளியும் தாயில்லாத யானைக்குட்டியை வளர்க்கிற கதை. பேசுவது தமிழ். பேச்சு இருக்கிற வெளிப்படங்களில் நான் நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தேவையில்லாத ஒரே படம்.

குட்டிக்குச் சோற்று உருண்டை ஊட்டுகிற இடத்தில் ஓர் அண்ணை, காலபோக நெல்லில் மூன்று ஏக்கரை இரண்டு கிழமைக்கு முதல்தான் யானைக்குக் கொடுத்தவர், "உவருக்கு என்ர வளவு விலாசத்தைக் குடுங்கோ" என்றார். வீடே சிரித்தது. பிழையில்லை. 2023 இல் மட்டும் இந்த நாட்டில் 400 க்கு மேல் யானைகளும் 150 க்கு மேல் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். இரவு முழுக்கத் தகரம் தட்டி யானைவெடி போட்டுக் கண் சிவந்திருக்கிறவர் அந்தக் குட்டியைப் பார்த்து உருகாவிட்டால் அவருக்கு மனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அதே அண்ணை, அந்தக் குட்டியின் தாய் கரண்ட் அடித்துச் செத்தது என்று வந்தபோது சிரிக்கவில்லை, கீழே குனிந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தார். கம்பியில் நேரே கரண்ட் விடுகிற ஆட்கள் எந்த ஊரில் இல்லை. பிறகு, வளர்ந்த குட்டியை இவர்களிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். "வளத்தவையைக் கேட்டவையோ?" என்று ஒரு மாமி கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை, ரீவியைப் பார்த்துத்தான் கேட்டார்.

உதெல்லாம் நடிப்புத்தானே? கமராவுக்கு முன்னாலை ஆர் உண்மையா நிப்பினம்?

பாதி சரி. 1922 இல் வந்த 'நனூக் ஒஃப் த நோர்த்', ஆவணப்படத்தின் அப்பா என்கிறார்களே, அதிலேயே பனிவீட்டைப் பாதி வெட்டித்தான் கட்டினார்கள், இல்லாவிட்டால் உள்ளே வெளிச்சம் போதாது. நனூக் என்பதும் அந்த மனிதரின் சொந்தப் பெயர் இல்லை. அது நீளப்படம், நாங்கள் போடவில்லை, கதையை மட்டும் சொன்னேன். உடனே ஓர் அக்கா, "என்னையும் மூண்டு தரம் குடத்தோடை நடக்க விட்டவை" என்றார். மூன்றாம் தரம் குடத்தில் தண்ணீர் இல்லையாம், பாரம் தாங்காமல் ஊற்றிவிட்டு வெறுங்குடத்தோடு நடந்தாராம், படத்தில் எது வந்ததோ தெரியாது.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒருவர் கதவைத் திறந்து வீட்டுக்குள் வருவதை உள்ளேயிருந்து எடுத்திருந்தால், கமராக்காரர் அவருக்கு முதலே உள்ளே போய் நின்றிருக்கிறார், சொல்லி வைத்துத்தான் எடுத்தது. இதைச் சொல்லிக் கொடுத்தது என் பிழை. இப்போது எந்தப் படம் போட்டாலும் பெடியள் "கமரா உள்ளுக்கு! கமரா உள்ளுக்கு!" என்று கத்துகிறார்கள்.

படம் முடிய நீங்கள் கேக்கேக்கை எனக்கு வாயிலை ஒண்டும் வருகுதில்லை. என்ன சொல்லோணும்?

ஒன்றும் சொல்லத் தேவையில்லை. இந்தக் கேள்விக்குக் காரணம் நான்தான். ஆரம்பத்தில் லைட்டைப் போட்டவுடன் "எப்பிடி இருந்தது? என்ன உணர்ந்தீங்கள்?" என்று கேட்பேன். எல்லாரும் "நல்லா இருந்தது", "கவலையா இருந்தது" என்று வரிசையாகச் சொல்வார்கள். மூன்றாம் மாதம்தான் எனக்கு உறைத்தது. அகதி முகாமிலும், திரும்பி வந்த பிறகும், கொப்பி வைத்திருந்த ஒவ்வொருவரும் இவர்களிடம் கேட்ட கேள்வி அதுதான். பதில் பாடமாகிவிட்டது. யார் கேட்டாலும் வரும், எதற்கும் வரும்.

இப்போது "எதைக் கண்டனீங்கள்?" என்று மட்டும் கேட்கிறேன். அப்போது வருகிறதைப் பாருங்கள். "அந்தக் கொட்டில்காரன்ர சப்பாத்து நனைஞ்சிருந்தது, அடுப்புக்குக் கிட்ட வைக்கேல்லை." "யானை வளக்கிற அம்மான்ர வீட்டு முற்றம் கூட்டியிருந்தது." கவலை, சந்தோசம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது, தனியாகப் பிடுங்கிக் காட்டத் தேவையில்லை. கண்டதைச் சொல்லுங்கள். காணாவிட்டால் பாயை மடியுங்கள், அதுவும் உதவிதான்.

யூரியூப்பிலை எல்லாரும் 'அழுதுவிட்டேன்' எண்டு எழுதியிருக்கினம். எனக்கு அழுகை வரேல்லை, என்னிலை ஏதும் பிழையோ?

இல்லை. அழுதவர் எழுதுவார், கொட்டாவி விட்டவர் அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார். அழுததாக எழுதியதற்கு லைக் விழும், லைக் விழுந்தது மேலே வரும், மேலே இருப்பதைப் பார்த்து அடுத்தவரும் அப்படியே எழுதுவார். பிடிக்கவில்லை என்று அமத்தியவர்களின் எண்ணிக்கையை யூரியூப் 2021 நவம்பரோடு மறைத்தும்விட்டது. ஆகவே கொமென்டைப் பார்த்து உலகமே அழுகிறது என்று நினைக்காதீர்கள்.

'த லாஸ்ட் ரிப்பேர் ஷொப்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 2024 இல் ஒஸ்கார் வாங்கியது. லொஸ் ஏஞ்சலிஸ் அரச பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாத்தியங்கள் 80,000 ஐ இலவசமாகத் திருத்திக் கொடுக்கிற பட்டறை. கீழே கொமென்ட் முழுக்கக் கண்ணீர். எங்கள் மண்டபத்தில் சைக்கிள் கடை ஐயா ஒருவர் படம் முடிந்தும் எழும்பவில்லை. கடைசியில், "உவை ஆயுதங்களை வைச்சிருக்கிற ஒழுங்கைக் கண்டியே பிள்ளை" என்றார், வேலைக் கருவிகளைத்தான் சொன்னார், அவ்வளவுதான். அடுத்த கிழமை அவர் கடைக்குப் போனேன். சுவரில் ஆணி அடித்து, ஸ்பானர் சாவிகளைச் சின்னது பெரியது பார்த்துக் கொழுவியிருந்தார்.

ஜப்பான் ரீச்சர் அந்தப் பிள்ளையை ஏசினது சரியோ பிழையோ? ஒரு முடிவு சொல்லுங்கோவன்.

படம் 'இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஒஃப் எ பீற்றிங் ஹார்ட்', எமா ரயன் யமசாகி எடுத்தது, 23 நிமிடம், 2025 ஒஸ்காருக்குப் போட்டியிட்டது. ரோக்கியோவில் ஓர் அரச பள்ளிக்கூடத்து முதலாம் வகுப்புப் பிள்ளைகள், அடுத்த வருடம் வருகிற புதுப் பிள்ளைகளை வரவேற்க பீத்தோவன் இசையை வாசிக்கப் பழகுகிறார்கள். பெரிய தாளம் தட்டுகிற ஒரு சின்னப்பிள்ளை பழகாமல் வந்ததற்கு எல்லாருக்கும் முன்னால் ஏச்சு வாங்கி அழுகிறது.

சண்டை மூண்டது அன்றுதான். அப்பாமார் பலர் ரீச்சர் பக்கம், அம்மாமார் பிரிந்தார்கள், மண்டபத்திலிருந்த இரண்டு ஆசிரியர்கள் வாயே திறக்கவில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளை, "எங்களுக்கும் ஏசுறவை, ஆனால் ஒருத்தரும் படம் எடுக்கேல்லை" என்றாள். முடிவு கேட்டால் என் முடிவு இது: பழகச் சொல்லிக் கண்டித்தது சரி, அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் வைத்தது பிழை. என் தங்கச்சி ஒத்துக்கொள்ளமாட்டாள், அவள் ரீச்சர்.

பொம்பிளைப்பிள்ளையளையும் வைச்சுக்கொண்டு அந்தப் படத்தை ஏன் போட்டனீங்கள்?

'அந்தப் படம்' என்றால் 'பீரியட். எண்ட் ஒஃப் சென்டென்ஸ்.', மாதவிடாய் பற்றியது. டில்லிக்குப் பக்கத்தில் ஹாப்பூர் மாவட்டத்துக் கிராமமொன்றில் பெண்கள் தாங்களே மெஷின் வைத்துத் துவாய் செய்து விற்கிறார்கள். மெஷின் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் கண்டுபிடித்தது. 2019 இல் ஒஸ்கார் வாங்கிய படம்.

முதல் காட்சியில் கேள்வி கேட்டதும் இரண்டு பெண்பிள்ளைகள் வெட்கத்தில் சிரித்துச் சிரித்து முகத்தை மறைக்கிறார்கள். எங்கள் மண்டபத்திலும் அச்சொட்டாக அதே சிரிப்பு. பெடியள் சுவரைப் பார்த்தார்கள், ஒருவர் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பவே இல்லை. அன்று யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, நானும் 'எதைக் கண்டனீங்கள்' கேட்கவில்லை. பிறகு மாதர் சங்கம் கேட்டுப் பெண்களுக்கு மட்டும் இன்னொரு தரம் போட்டோம். அதில் பேச்சு நிற்கவே இல்லை, முகாமில் துணியைக் காயப்போட இடம் தேடிய கதைவரை போனது, அதை இங்கே எழுதமாட்டேன். ஆகவே என் பதில்: சேர்த்துப் போட்டதற்கு வருத்தமில்லை, தனியாகவும் போட்டிருக்க வேண்டும் என்பது பிந்தி விளங்கியது.

சண்டைப்படம் போடுவியளோ?

ஒரு தரம் போட்டேன். 'த வைட் ஹெல்மெற்ஸ்', 2016, சிரியாவில் குண்டு விழுந்த கட்டடங்களுக்குள்ளிருந்து ஆட்களை எடுக்கிற தொண்டர்கள் பற்றியது. ஆட்கள் பார்க்கத்தான் செய்தார்கள், விமானச் சத்தம் வரும்வரை. மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா திரையை விட்டுவிட்டு மேலே கூரைத் தகரத்தைப் பார்த்தார். கிபிர் குண்டுவீச்சு விமானம் வந்த காலத்தில் நாங்கள் எல்லாரும் பார்த்த அதே பார்வை. பக்கத்தில் அவருடைய பேரன், பத்து வயது, அவன் திரையையும் பார்க்கவில்லை கூரையையும் பார்க்கவில்லை, அம்மம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நிறுத்தினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிளேன்ரீ ஊற்றினோம்.

இப்போது வெடிச்சத்தமோ விமானமோ வருகிற படமென்றால் தொடங்க முதலே சொல்லிவிடுகிறோம், பக்கக் கதவைத் திறந்தே வைக்கிறோம். எழும்பிப் போகிறவரை யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்படியான படங்களைத்தான் கேட்கிறார்கள், வீட்டில் சொல்லாததை அதில் தேடுகிறார்கள் போலிருக்கிறது. அவர்களுக்கு மட்டும் போடுவதா, பெரியாக்களோடு சேர்த்தா? இதில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

வெள்ளைக்காரன் தேயிலை விக்க எடுத்த படத்தைப் பாத்து நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?

'சோங் ஒஃப் சிலோன்', 1934, பசில் ரைட் எடுத்தது, நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபையின் காசுதான், நீங்கள் சொன்னது சரி. பின்னணியில் வாசிப்பவர் கொழும்பு லயனல் வென்ட், வாசிப்பது 1681 இல் வந்த ரொபர்ட் நொக்ஸின் புத்தகத்தை. நொக்ஸை எங்கள் ஆட்களுக்கு அறிமுகம் செய்வது சுலபம். கண்டி அரசனிடம் ஏறக்குறைய இருபது வருடம் கைதியாக இருந்து, 1679 இல் தப்பி, அருவியாற்றுக் கரையைப் பிடித்துக் காட்டுக்குள்ளால் நடந்து மன்னார் அரிப்புக் கோட்டையில் வந்து மிதந்த மனிதர். "அப்ப எங்கட பக்கத்தாலைதான் ஓடியிருக்கிறான்" என்று உடனே சொந்தம் கொண்டாடினார்கள்.

படத்தின் மூன்றாவது பகுதியில் கொழுந்து எடுக்கிற பெண்கள் வருகிறார்கள். மேலே இங்கிலீசுக் குரல்கள் சந்தை விலை, கப்பல் என்று சொல்லிக்கொண்டே போகும், கீழே அந்தப் பெண்கள் வாய் திறப்பதில்லை. அவர்களுக்கு ஏன் குரல் கொடுக்கவில்லை என்று நான் பெரிதாக ஒரு விளக்கம் எழுதி வைத்திருந்தேன். எங்கள் ஊரில் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் உண்டு. அதில் ஒரு பாட்டி, அட்டன் பக்கம் பிறந்தவர், நான் தொடங்க முதலே சொன்னார்: "பேச மாட்டாங்க புள்ள. கங்காணி நிப்பாரு." பிறகு தலையில் மாட்டுகிற கயிறு சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் சேலை புதுசு, படம் எடுக்க என்று உடுத்தியிருக்கிறார்கள் என்றார். என் விளக்கத்தை மடித்து வைத்துவிட்டேன்.

படத்திலை வந்தவைக்கு என்ன கிடைச்சது? எங்களையும் எடுத்துக்கொண்டு போனவைதானே, அந்தப் படமெல்லாம் எங்கை?

படத்துக்குப் படம் வேறு. தமிழ்நாட்டு அரசு, யானைப்படம் ஒஸ்கார் வாங்கிய பிறகு இரண்டு யானை முகாம்களில் வேலை செய்கிற 91 பேருக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபா கொடுத்தது, பெள்ளிக்கு முகாமிலேயே நிரந்தர வேலையும் கொடுத்தது. அது அரசு கொடுத்தது. பொதுவாக ஆவணப்படத்தில் வருகிறவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை, காசு கொடுத்தால் சொல்வது மாறிவிடும் என்பது அவர்கள் சொல்கிற நியாயம். பாதி நாள் கூலியை விட்டுவிட்டுக் கமராவுக்கு முன்னால் நின்றவரிடம் அந்த நியாயம் எடுபடாது.

எங்கள் படங்கள் எங்கே என்றால், யாரோ ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும். இனி யாராவது வந்தால் தொடங்க முதலே மூன்று விஷயம் கேளுங்கள். எங்கே காட்டுவீர்கள், முடிந்ததும் எங்களுக்கு ஒரு பிரதி வருமா, பிறகு வேண்டாம் என்றால் என் பகுதியை எடுப்பீர்களா. கையெழுத்துக் கேட்டால் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. குடத்தோடு நடந்த அக்கா கேட்டிருந்தால் இரண்டாம் தரத்தோடு முடிந்திருக்கும்.

நாங்களே எடுத்தால் என்ன?

எடுங்கள். போனைக் கிடையாகப் பிடியுங்கள், காற்றுச் சத்தத்தைக் கவனியுங்கள், படம் கலங்கினாலும் பார்ப்பார்கள், சத்தம் இரைந்தால் எழும்பிவிடுவார்கள். முதலில் காட்ட வேண்டியது படத்தில் எடுபட்டவருக்கு.

உயர்தரம் படிக்கிற ஒரு தம்பி தன் பெரியம்மா பன்பாய் இழைப்பதை ஆறு நிமிடப் படமாக எடுத்தான், நன்றாகவே இருந்தது. பெரியம்மாவை முன்வரிசையில் இருத்திப் போட்டோம். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் தட்டவில்லை. "அந்த ஓரம் ரெண்டு இழை பிழைச்சுப்போச்சு, அதை ஏனடா காட்டினனீ?" என்றார். வெட்டவா என்று அவன் என்னிடம் கேட்டான், பெரியம்மாவைக் கேள் என்றேன். அவர் வெட்ட வேண்டாம் என்றார், திருப்பி எடு, நான் ஓரத்தை அவிழ்த்து இழைத்துத் தருகிறேன் என்றார். அது மேலே சொன்ன நனூக் கதைதானே அக்கா என்று அவன் கேட்கிறான். இருவருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

அடுத்தது எப்ப?

வருகிற போயா, பின்னேரம் ஆறரைக்கு. மழை என்றால் அடுத்த நாள். கதிரை 22 தான் இருக்கிறது, அது முழங்கால் நோவுக்காரருக்கு. மற்றவர்கள் பாய் கொண்டு வாருங்கள்.